மாணவரை வளைக்காதீர்கள், பிளேட்டை வளையுங்கள்

இட ஒதுக்கீடு என்ற சொல் காதில் விழுந்ததுமே "அப்படியானால் தகுதி, திறமை என்னாவது?" என்று பதறுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களிடம் நாங்கள் ஒன்று கேட்கிறோம். திறமையை அளப்பதில் உங்களுக்கு அவ்வளவு அக்கறை என்றால், ஐ.டி.ஐ.களில் வெல்டர் பிரிவுக்குச் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கிறது என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறீர்களா?

நாங்கள் விசாரிக்கிறோம். தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளிடமும், மனம் விட்டுப் பேசும் பயிற்றுநர்களிடமும் ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். திரும்பத் திரும்பக் கிடைக்கிற சித்திரம் இது: மாணவர் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஆர்க் வெல்டிங் செய்கிறார். ஸ்லாக்கைத் தட்டி, பிரஷ் போட்டு, மேஜையில் வைக்கிறார். தேர்வாளர் அதை எடுத்து மேல்பக்கம் பார்க்கிறார். சில நேரம் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்து வாய்மொழிக் கேள்விகள். "எந்த ஊர்?" "அப்பா என்ன பண்றார்?" "ஊருக்குள்ளயா, காலனியா?" இதற்கெல்லாம் பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் மதிப்பெண் எழுதப்படுகிறது. 'காலனியா' என்ற கேள்விக்கும் வெல்டிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை.

எல்லா இடத்திலும், எல்லாத் தேர்வாளரும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. தன் சொந்தப் பணத்தில் ராடு வாங்கிக் கொடுத்துப் பயிற்சி தருகிற பயிற்றுநர்களையும் நமக்குத் தெரியும். ஆனால் நேர்மை என்பது தனி மனிதரின் நல்ல குணமாக மட்டும் இருக்கும்வரை, நம் பிள்ளைகளின் மதிப்பெண் அவர்களுக்கு வாய்க்கிற ஆளைப் பொறுத்ததாகவே இருக்கும். நமக்கு வேண்டியது ஒரு முறை. அந்த முறை ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது. அது நம் பிள்ளைகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் நம் புகார்.

ஐ.டி.ஐ.யைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

தோழர்களே, நாம் ஐ.ஐ.டி.யில் நடக்கும் சாதிக் கொடுமையைப் பற்றிப் பேசுகிறோம். மருத்துவக் கல்லூரிகளைப் பற்றியும் நீட் பற்றியும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு, ஓராண்டுப் படிப்பாக வெல்டர் பிரிவில் சேருகிற சேரிப் பிள்ளையைப் பற்றி எத்தனை கருத்தரங்கம் நடத்தியிருக்கிறோம்? பட்டப்படிப்புக்கு மட்டும்தான் மானம் உண்டு, கைவேலைக்கு இல்லை என்ற எண்ணம் நம் இயக்கங்களுக்குள்ளும் புகுந்திருக்கிறது. அந்த எண்ணத்தை நமக்குக் கற்றுக்கொடுத்ததே சாதிதான்.

பாபாசாகேப் அப்படி நினைக்கவில்லை. 1942-இல் அவர் வைஸ்ராயிடம் அளித்த மனுவில், பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு நிதி கேட்டதோடு நிற்கவில்லை. தொழில்நுட்பப் பயிற்சியும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சியாளர்களாக எடுக்க வேண்டும் என்றார். எந்திரத்தின் முன் நிற்கிற தலித், நிலவுடைமையாளரின் முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். பின்னாளில் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடம் ஒதுக்கும் பிரிவும் சேர்க்கப்பட்டது.

வெல்டிங்கைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் இருக்கிறது. பூச்சு பூசிய ராடைக் கொண்டு மின்சாரத்தில் இரும்பை ஒட்டும் இந்த வேலை, சுவீடனின் ஆஸ்கர் ஷெல்பெர்க் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. மனு இதை எந்த வர்ணத்துக்கும் எழுதி வைக்கவில்லை. இதற்குக் குலத்தொழில்காரர் யாரும் இல்லை. "எங்க ரத்தத்துல ஊறினது" என்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாத வேலை இது. கற்றவருக்கு வரும், கல்லாதவருக்கு வராது. அப்படிப்பட்ட வேலையிலும் மதிப்பெண் போடும் இடத்தில் ஊரும் சேரியும் எப்படி நுழைந்தன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அளக்கக்கூடிய திறமை

ஒரு கவிதை நல்லதா இல்லையா என்று விடிய விடியச் சண்டை போடலாம். வெல்டிங்கில் அந்தச் சண்டைக்கு இடம் குறைவு. கையால் செய்யும் ஆர்க் வெல்டிங்கில் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள்தான். ராடின் பருமனுக்கும் தகட்டின் தடிமனுக்கும் ஏற்ற ஆம்பியரை வைக்கிறாரா? 3.15 மி.மீ. ராடுக்கு ஏறத்தாழ 90-இல் இருந்து 130 ஆம்பியருக்குள் வேலை நடக்க வேண்டும். ராடின் முனையைத் தகட்டில் இருந்து ஒரே தூரத்தில் பிடிக்கிறாரா? கை ஒரே வேகத்தில் நகர்கிறதா, ராடின் சாய்வு மாறாமல் இருக்கிறதா? ஒரு ராடு தீர்ந்து அடுத்ததைத் தொடங்கும் இடத்தில் பள்ளம் விழாமல் சேர்க்கிறாரா? ஒவ்வொரு பாஸுக்கும் நடுவில் ஸ்லாக்கை முழுசாக எடுக்கிறாரா?

செய்து முடித்த பிறகு தகடே பதில் சொல்லும். ஓரத்தில் அண்டர்கட் இருக்கிறதா, ஊசித்துளைகள் இருக்கின்றனவா, உள்ளே ஸ்லாக் சிக்கியிருக்கிறதா, அடிவரை உருகிப் பிடித்திருக்கிறதா? இதில் கண்ணால் பார்த்துத் தெரிவது பாதிதான். மேலே மீன் செதில் அடுக்கியது மாதிரி அழகாக இருக்கும், அடியில் ஒட்டியே இருக்காது. அதனால்தான் உலகம் முழுக்க வெல்டரைச் சோதிக்கும்போது செய்த பிளேட்டை வெட்டி, வளைத்து, உடைத்துப் பார்க்கிறார்கள்.

ஐ.எஸ்.ஓ. 9606 என்ற சர்வதேசத் தரநிலையும், பாய்லர், பிரஷர் வெசல் வேலைகளுக்கான அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவும் இதற்கான விதிகளை எழுதி வைத்திருக்கின்றன. வளைவுச் சோதனையில், வெல்டிங் செய்த பட்டையை அடிப்பக்கம் வெளியே இருக்கும்படியும் மேல்பக்கம் வெளியே இருக்கும்படியும் வளைப்பார்கள். வெளிப்புறத்தில் எந்தத் திசையிலும் 3 மி.மீ.யைத் தாண்டி விரிசல் திறந்தால் தோல்வி. திறக்கவில்லை என்றால் அந்தச் சோதனையில் தேர்ச்சி. அந்த 3 மி.மீ.யை அளக்க ஒரு ஸ்கேல் போதும். அதற்கு அப்பா பெயர் தேவையில்லை.

விலை உயர்ந்த எந்திரம் இல்லாத ஐ.டி.ஐ. என்ன செய்யும் என்று கேட்பார்கள். மூலை வெல்டிங்கைச் சோதிக்க ஒரு வைஸும் சம்மட்டியும் போதும். ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் செய்த பிளேட்டை மறுபக்கமாக அடித்து உடைத்தால், உடைந்த முகத்தில் எல்லாம் தெரியும். அடிவரை உருகியிருந்தால் ஒரு மாதிரி இருக்கும், உருகாமல் விட்டிருந்தால் தகட்டின் வெட்டு விளிம்பு அப்படியே நிற்கும். படிக்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடமும் கிடையாது.

இப்போது எதை அளக்கிறார்கள்?

ஐ.டி.ஐ. பாடத்திட்ட ஆவணத்தைத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். செய்முறையில் தேர்ச்சிக்கு 60 விழுக்காடு, எழுத்துத் தேர்வுக்கு 33 விழுக்காடு. அதாவது இந்தப் படிப்பில் ஒருவரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது செய்முறை. ஆண்டு முழுவதும் பயிற்றுநர் போடும் அக மதிப்பீடு தனி. அந்த அக மதிப்பீட்டில் கணக்கில் எடுக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது: கூட்டாக வேலை செய்வது, கழிவைக் குறைப்பது, வருகை ஒழுங்கு. இவற்றோடு 'நடத்தை மனப்பான்மை' என்று ஒன்றும் இருக்கிறது. இறுதித் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளரும், செய்முறை மதிப்பெண் போடும் முன்பு ஒவ்வொரு மாணவரின் விவரக் கோப்பையும் பார்க்க வேண்டும் என்று அதே ஆவணம் சொல்கிறது.

நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆண்டு முழுக்க உழைத்த பிள்ளை ஒரே நாளில் பதற்றத்தில் தோற்கக் கூடாது என்று நினைத்து எழுதியிருக்கலாம். ஆனால் சாதிச் சமூகத்தில் 'நடத்தை' என்பதற்கு என்ன பொருள் என்று சமூகவியல் படித்தவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நிமிர்ந்து பேசினால் திமிர். ஏன் என்று கேட்டால் அடங்காதவன். கையில் நீலக் கயிறு இருந்தால் கட்சிக்காரன். அதே நிமிர்வு ஆதிக்கச் சாதிப் பையனிடம் இருந்தால் 'தைரியமான பையன்'. தாவாங்கட்டையை நெஞ்சில் புதைத்து "சரிங்க சார்" என்று நிற்கத் தெரிந்தவருக்கே நடத்தை மதிப்பெண் என்றால், அங்கே அளக்கப்படுவது பழைய பண்ணையடிமைத்தனம்தான்.

இது ஐ.டி.ஐ.க்கு மட்டும் உரிய நோயும் அல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு, 2007-இல் அளித்த அறிக்கையில் இதையே பதிவு செய்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். விடைத்தாளில் பெயர் மறைந்திருக்கிறது. செய்முறையில் ஆளே எதிரில் நிற்கிறார். ஸ்டெதாஸ்கோப் பிடித்த கைக்கும் ஹோல்டர் பிடித்த கைக்கும் ஒரே அறையில்தான் அநீதி நடக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு ஒரு குழுவாவது வந்தது. வெல்டர் மாணவருக்கு யார் வந்தார்கள்?

தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும் தேர்வு

தேர்வறை மட்டும் நேர்மையாக இருந்தாலும் போதாது. வெல்டிங் என்பது கை பழக வேண்டிய வேலை. எத்தனை ராடு எரித்தாய் என்பதுதான் கணக்கு. எங்களிடம் பேசிய பிள்ளைகள் சொன்னது இது: ராடு குறைவாக வரும் மாதங்களில் யாருக்கு ஹோல்டர் கிடைக்கும், யாருக்கு விளக்குமாறு கிடைக்கும் என்பது எழுதாத சட்டமாக இருக்கிறது. பட்டறையைக் கூட்டுவது, டீ வாங்கி வருவது, கிரைண்டிங் பிடிப்பது, கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றுவது. இந்த வேலைகள் எல்லாம் யார் தலையில் விழுகின்றன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டிக்கொண்டே இருந்தவருக்குக் கை பழகாது. கை பழகாதவர் தேர்வில் தடுமாறுவார். தடுமாறியதும் "இவங்களுக்கு வராது சார்" என்று முடித்துவிடுவார்கள்.

பொருளிலும் இதே கதைதான். ஈரம் பாய்ந்த ராடைக் கொடுத்தால் எவ்வளவு நல்ல கையாலும் ஊசித்துளை இல்லாமல் வெல்டிங் செய்ய முடியாது. 7018 மாதிரியான குறை ஹைட்ரஜன் ராடுகளை அடுப்பில் வைத்துச் சூடேற்றி, காய்ந்த நிலையில்தான் எடுக்க வேண்டும். ஒரே தேர்வில் ஒருவருக்குப் புது இன்வெர்ட்டர் மெஷின், இன்னொருவருக்குக் கேபிள் தேய்ந்த பழைய டிரான்ஸ்பார்மர் என்றால், அங்கே ஒப்பிடப்படுவது மெஷின்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனமாக்கியிருப்பதை வரவேற்கிறோம். ரோபோ வரட்டும். அதோடு ராடு சூடேற்றும் அடுப்பும், ஆளுக்கு இத்தனை ராடு என்ற கணக்குப் புத்தகமும் வரட்டும்.

சும்மா போட்ட பாஸ் யாருக்கு உதவி?

இன்னொரு பக்கத்தையும் பேசாமல் விட முடியாது. பல இடங்களில் யாரையும் தோற்கடிப்பதே இல்லை. "பாவம், ஏழைப் பசங்க, போட்டு விடுங்க" என்று எல்லோருக்கும் 60-க்கு மேல் போட்டு அனுப்புகிறார்கள். நம்மில் சிலர்கூட இதைச் சமூக நீதி என்று நினைக்கிறோம். இந்தக் கருணையும் நமக்கு எதிரானது என்று நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம்.

சான்றிதழ் வாங்கிய பிள்ளை நேராகப் போவது கம்பெனியின் ட்ரேடு டெஸ்டுக்கு. திருச்சியிலோ சென்னையிலோ வெளிநாட்டு வேலைக்கு நடக்கும் டெஸ்டில், 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்டிங் செய்யச் சொல்வார்கள். சிக்ஸ் ஜி என்பது அதுதான். செய்ததை எக்ஸ்ரே எடுப்பார்கள். ஐ.டி.ஐ.யில் ஒரு பிளேட்டைக்கூட உடைத்துப் பார்க்காத பிள்ளை அங்கே தோற்றால், அது யாருடைய தோல்வி? சித்தப்பாவோ மாமாவோ வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற பையன் மாலையில் அங்கே போய்க் கை பழகிக்கொள்வான். நம் பிள்ளைக்கு அந்த மாமா இல்லை. ஐ.டி.ஐ. மட்டும்தான் இருக்கிறது. அதுவும் கற்றுத்தராமல் பாஸ் போட்டு அனுப்பினால், அவர் கையில் சான்றிதழோடு ஹெல்பராகவே நிற்பார். வெல்டருக்கு ஒரு கூலி, ஹெல்பருக்கு ஒரு கூலி. பத்து வருடம் கழித்தும் வேறொருவருக்கு ராடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிற நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

உயிர் விஷயமும் இதில் இருக்கிறது. 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. காற்றோட்டம் பார்ப்பது, ஈரத்தில் ஹோல்டரைத் தொடாமல் இருப்பது, அடைபட்ட தொட்டிக்குள் தனியாக இறங்காமல் இருப்பது, இவையெல்லாம் வெல்டரின் திறமைக்குள் வருபவை. இதைச் சோதிக்காமல் அனுப்புவது நம் பிள்ளையைச் சாகக் கொடுப்பது. அரைகுறையாகப் பிடித்த வெல்டிங் பிரிந்து சாரமோ கூரையோ சரியும்போது அடியில் நிற்பவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான்.

அவர்கள் சொல்லப்போகும் பதில்கள்

"எதற்கெடுத்தாலும் சாதியா?" என்பார்கள். சாதியைக் கேட்டது நாங்கள் அல்ல. 'காலனியா' என்று கேட்டவர் கேட்டார். சாதி வேண்டாம் என்றால், அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாத தேர்வை நடத்துங்கள்.

"நடத்தையைப் பார்க்காமல் எப்படி? பட்டறையில் ஒழுங்கு வேண்டாமா?" வேண்டும். பூட்ஸ் போட்டாரா, கையுறை போட்டாரா, ஷீல்டு இல்லாமல் ஆர்க் அடித்தாரா, வேலை முடிந்ததும் மெஷினை அணைத்தாரா என்று எழுதுங்கள். ஆம், இல்லை என்று டிக் அடிக்கக்கூடிய விஷயங்கள் இவை. பணிவு என்ற பெயரில் எழுதப்படுவது எந்தப் பாதுகாப்பு விதியிலும் இல்லை.

"அத்தனை பிளேட்டையும் உடைத்துப் பார்க்க நேரமும் காசும் எங்கே?" பாய்லர் வெடிக்கக் கூடாது என்றால் நேரமும் காசும் கிடைக்கின்றன. பாய்லர் வேலைக்கான வெல்டர்களை அரசு தனியாகச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. எந்திரத்துக்குச் செலவழிக்கிற அக்கறையில் ஒரு பங்கை மாணவருக்குச் செலவழிக்கக் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள்

1. எழுத்துத் தேர்வுக்கு டம்மி எண் இருப்பது போல, பிளேட்டுக்கும் இருக்க வேண்டும். நம்பர் பஞ்சும் சுத்தியும் எல்லாப் பட்டறையிலும் உண்டு. எண் அடித்த பிளேட்டை, அதைச் செய்தவரைப் பார்க்காத வேறொரு தேர்வாளர் மதிப்பிட வேண்டும்.

2. மதிப்பெண் பட்டியல் தேர்வுக்கு முன்பே சுவரில் ஒட்டப்பட வேண்டும். அண்டர்கட்டுக்கு எவ்வளவு, வளைவுச் சோதனைக்கு எவ்வளவு என்று மாணவருக்குத் தெரிய வேண்டும்.

3. ஒவ்வொரு மாணவரின் ஒரு பிளேட்டாவது அவர் கண் முன்னால் உடைக்கப்பட வேண்டும். உடைந்த துண்டைக் கையில் கொடுத்து ஏன் தோல்வி, ஏன் வெற்றி என்று சொல்ல வேண்டும். தோற்றவருக்கு மறுபயிற்சியும் மறுவாய்ப்பும் உடனே வேண்டும்.

4. வாய்மொழித் தேர்வில் ஊர், பெற்றோர், குடும்பம் பற்றிய கேள்விகளுக்குத் தடை வேண்டும். 'நடத்தை மனப்பான்மை' என்ற வரியை எடுத்துவிட்டு, பாதுகாப்பு விதிகளின் பட்டியலை வைக்க வேண்டும்.

5. ஆளுக்கு எத்தனை ராடு கொடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் மெஷினில் நின்றார் என்ற பதிவேடு மாணவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

6. சான்றிதழில் எந்தப் பொசிஷனில், எந்தத் தடிமனில் சோதிக்கப்பட்டார் என்பது எழுதப்பட வேண்டும். ஐ.எஸ்.ஓ. தரநிலைப்படி தரப்படும் வெல்டர் சான்றிதழ்களில் இந்த விவரம் இருக்கிறது. வெறும் 'வெல்டர்' என்ற சொல்லையும் ஒரு மதிப்பெண்ணையும் கம்பெனிக்காரர் நம்புவதில்லை.

இதில் ஒன்றுகூடச் சலுகை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மதிப்பெண்ணைக்கூட நாம் கூடுதலாகக் கேட்கவில்லை.

நாம் உடனே செய்ய வேண்டியது

அரசு உத்தரவு வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நம் கையில் இருக்கிறது. மதிப்பிடப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவைக் கவனமாகப் படியுங்கள். தகவல் உரிமை என்றால் காகிதத்தின் நகல் மட்டும் அல்ல. வேலையை நேரில் ஆய்வு செய்வதும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அதில் அடங்கும். வெல்டர் மாணவருக்கு விடைத்தாள் அவருடைய பிளேட்தான். அதைக் காட்டு என்று அரசு ஐ.டி.ஐ.யிடம் கேளுங்கள். அக மதிப்பீட்டு ஆவணங்களை அடுத்த தேர்வு வரை பாதுகாக்க வேண்டும் என்று பாடத்திட்ட ஆவணமே சொல்கிறது. ஆகவே முடிவு வந்ததும் தாமதிக்காமல் மனுப் போடுங்கள். ராடு வாங்கிய கணக்கையும் வழங்கிய கணக்கையும் சேர்த்தே கேளுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு அருகில் இருக்கிற ஐ.டி.ஐ. வாசலில் மாலை நான்கு மணிக்குப் போய் நில்லுங்கள். வெளியே வருகிற வெல்டர் பிரிவு தம்பி, தங்கைகளிடம் பேசுங்கள். "இன்னைக்கு எத்தனை ராடு எரிச்சீங்க? யார் கூட்டினது?" என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். ரயில்வே பணிமனைகளின் அப்ரண்டிஸ் தேர்வு பெரும்பாலும் பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மதிப்பெண்களை வைத்துத்தான் நடக்கிறது. அந்த அறையில் குறைக்கப்படும் ஐந்து மதிப்பெண் ஒரு குடும்பத்தின் முப்பது வருட வாழ்க்கை.

தகுதி, திறமை என்று இத்தனை ஆண்டுகளாக நம்மிடம் கேட்டவர்களுக்கு நம் பதில் இதுதான்: நம் பிள்ளைகளின் பிளேட்டை எடுங்கள், எண்ணை மட்டும் பாருங்கள், வைஸில் வைத்து வளையுங்கள். 3 மி.மீ.க்கு மேல் விரிந்தால் நாங்கள் மறுபடியும் பயிற்சிக்கு வருகிறோம். விரியவில்லை என்றால் வேலையைக் கொடுங்கள்.

ஜெய் பீம்!